வீரவநல்லூர் வரை ஒரு ரயில் பயணம்

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. மாமியார் எங்களோடு இருக்கிறார்; அவருக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர், இப்போது மூட்டுவலியால் அதிகம் நடப்பதில்லை. ஞாயிறு வந்தால் பிள்ளைகள் செல்பேசியோடும் நாங்கள் துணி துவைப்பதோடும் பொழுது போய்விடுகிறது. எங்காவது போகலாம் என்றால் குற்றாலமும் திருச்செந்தூரும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே போனாலும் கூட்டத்தில் நின்று களைத்து, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறோம். ‘திருநெல்வேலியில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்கிறார் கணவர். அதிகச் செலவில்லாமல், பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் எங்களுக்கும் மனம் நிறையும்படி ஏதாவது வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம் என்ற வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் அத்தையின் ஊர் வீரவநல்லூர் என்பதுதான் அது. திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல இடத்தை என்னால் சொல்ல முடியாது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குற்றாலத்திலும் திருச்செந்தூரிலும் குறை எதுவும் இல்லை. ஒரே நாளில் நாம் அடைத்து வைக்கும் திட்டம்தான் நம்மைக் களைக்க வைக்கிறது. என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, சாரல் காலத்து ஞாயிறு ஒன்றில், காலையில் ஐந்தருவி, மதியம் பழைய குற்றாலம், மாலையில் தென்காசிக் கோயில் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். ஐந்தருவி வரிசையிலேயே மதியமாகிவிட்டது. பசியில் அழுத இளையவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பார்க்காமலேயே எல்லோர் மீதும் எரிந்து விழுந்தபடி திரும்பினேன். அன்றைய நாளில் அவனுக்கு இன்றும் நினைவிருப்பது, வரும் வழியில் பாவூர்சத்திரத்தில் லாரி நிறைய ஏற்றிக்கொண்டிருந்த பூசணிக்காய்கள் மட்டுமே. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரு ஞாயிறுக்கு ஒரே இடம், விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. பிற்பகல் முழுவதும் துணிக்கும் தூக்கத்துக்கும் மீதமிருக்கும்.

இனி அந்த ரயில். பேட்டையைத் தாண்டியதும் தாமிரபரணியைக் கடந்து சேரன்மகாதேவி, பிறகு காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. அங்கிருந்து மீண்டும் ஆற்றைக் கடந்து அம்பாசமுத்திரம். ஒரு பக்கம் வயலும் வாழைத் தோட்டமும் குளங்களுமாக வந்துகொண்டிருக்க, மறுபக்கம் மலை மெல்ல மெல்ல நெருங்கி வரும். கார் நெல் பருவத்தில் போனால் ஒரு பச்சை, பிசான நெல் பருவத்தில் போனால் வேறொரு பச்சை. உங்கள் மகளுக்கு ‘கார்’, ‘பிசானம்’ என்ற இரண்டு சொற்களும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அத்தைக்குக் கட்டாயம் தெரியும். அவரை முன்னே விட்டு நீங்கள் பின்னால் இருங்கள். எந்தக் குளத்தில் நீச்சல் பழகினார், பூமிநாத சுவாமி கோயில் திருவிழாவில் எந்தக் கடையில் வளையல் வாங்கினார், தெருவில் தறிச் சத்தம் எந்நேரம் தொடங்கும் என்று அவர் சொல்லத் தொடங்கினால், செல்பேசியை வாங்கி வைக்க நீங்கள் பாடுபட வேண்டியிருக்காது. சொல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டு வந்தாலும் வற்புறுத்த வேண்டாம்.

சிறிய நிலையங்களில் வண்டி அதிக நேரம் நிற்காது, படியும் உயரம். எனவே ஊர் நெருங்கும்போதே உங்கள் கணவர் கதவருகில் போய் நின்று முதலில் இறங்கி, அத்தையின் கையைப் பிடித்து இறக்க வேண்டும். பிள்ளைகளை நீங்கள் கடைசியாக இறக்குங்கள். ஊருக்குள் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் வலியோடு திரும்பும் முதியவர் அடுத்த முறை ‘நீங்கள் போய்விட்டு வாருங்கள்’ என்றுதான் சொல்வார்.

‘என்ன இருக்கிறது’ என்ற உங்கள் கணவரின் கேள்விக்கு என் பதில் ஆறுதான். ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. மலையிலிருந்து இறங்கும் இடம் முதல் கடல் வரை அதை ஒரு குழந்தை தன் கண்ணால் பார்த்துவிட முடியும். இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆறு முழுவதையும் வைத்திருக்கும் வாய்ப்பு சென்னைப் பிள்ளைகளுக்கோ மதுரைப் பிள்ளைகளுக்கோ கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு என்று ஓர் ஆண்டுக்கு இந்த ஆற்றைத் தொடர்ந்து போங்கள். பாபநாசத்தில் மலையிலிருந்து அது இறங்கி வரும் வேகத்தைக் காட்டுங்கள். சேரன்மகாதேவியில் அகன்று கிடப்பதைக் காட்டுங்கள். சீவலப்பேரிக்குப் போனால் சிற்றாறு வந்து சேரும் இடத்தைப் பார்க்கலாம். குற்றாலத்தில் தலையில் விழுந்த தண்ணீர் இங்கேதான் தாமிரபரணியோடு சேர்கிறது என்று சொன்னால், உங்கள் மகள் அந்த இடத்தை மறக்கமாட்டாள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் அருகிலுள்ள ஆதிச்சநல்லூரையும் வேறொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1876-இல் முதன்முதலாகத் தோண்டப்பட்ட அந்த மேட்டு நிலத்தில், மண்ணுக்குள் கண்டெடுத்த, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை, எடுத்த இடத்திலேயே கண்ணாடித் தளத்துக்குக் கீழே பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துப் பயந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பெரியவளுக்கு உங்களில் ஒருவர் துணையிருந்தால் போதும்.

இதே ஆற்றை உங்கள் வீட்டுக்கு மிக அருகில் பார்க்க வேண்டுமானால் குறுக்குத்துறைக்குப் போங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயிலின் முன்பக்கம், வெள்ளத்தைக் கிழித்துப் பிரிக்கும்படி படகின் முனைபோலக் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் உற்சவரை மேட்டுக் கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு கழுவிச் சுத்தம் செய்து மீண்டும் வழிபாடு தொடங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தை உங்கள் மகள் நேரில் கண்டிருப்பாள். எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கும் என்று அவளையே கையால் காட்டச் சொல்லுங்கள். காலை ஆறரை மணிக்கு அங்குள்ள மண்டபத்தில் அத்தை சாய்ந்து உட்கார இடமிருக்கும், உங்களுக்கும் ஒரு மணி நேரம் யாரும் எதையும் கேட்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கிடைக்கும். பிள்ளைகளை அப்போது கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த முறை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் மனம் நிறைய வேண்டும் என்று நீங்கள் எழுதியது மிகவும் நியாயமான ஆசை. ஒவ்வொரு பயணத்திலும் இருவரில் ஒருவருக்கு இப்படி ஓய்வான ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காவிட்டால், பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலையை வீட்டிலிருந்து வெளியிடத்துக்கு மாற்றியதாகத்தான் அது முடியும்.

ஆறு என்று இவ்வளவு சொல்லிவிட்டு எச்சரிக்கை சொல்லாமல் விடக் கூடாது. தாமிரபரணியில் மணல் அள்ளிய பள்ளங்களும் இயற்கையான கசங்களும், அதாவது ஆழமான மடுக்களும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவர் அடுத்த அடியில் மூழ்கிவிடுவார். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். அங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். மணிமுத்தாறு அருவிக்குப் போகிறீர்களானால், நீர்வரத்து கூடும் நாள்களில் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கும் என்பதால், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அது 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை எடுத்து வைத்துவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கிலேயே கொண்டு போங்கள்.

சாப்பாடு என்றதும் ஒரு வார்த்தை. ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நீங்கள் கட்டுச்சோறு கிளறினால் உங்களுக்கு அது விடுமுறையே இல்லை. புளிக்காய்ச்சலைச் சனிக்கிழமையே காய்ச்சி வைத்துவிட்டால், காலையில் சோற்றை வடித்துக் கிளறுவதை உங்கள் கணவரே செய்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் கடை இட்லி போதும்.

தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் ஒரு ஞாயிற்றைக் கூந்தன்குளத்துக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி வட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தக் குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது குளத்தை மட்டுமல்ல, தெருவையும்தான். வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் கருவேலத்திலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். கீழே துணி காயும், கோழி மேயும். வளர்ந்த நாரைக்குக் கூவும் குரல் கிடையாது. கூட்டில் இணை வந்து இறங்கும்போது இரண்டும் அலகைத் தட்டிக்கொள்ளும் ஓசை, மரத்தடியில் நின்றால் கட்டை தட்டுவதுபோலக் கேட்கும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்து மீனை எடுத்துத் தின்பதைப் பார்த்தால் உங்கள் மகன் சிரிப்பை நிறுத்தமாட்டான். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் அங்கே வந்து தங்குகின்றன. பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்ததை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிறகு தெருவில் கத்தாதே என்று தனியாக அதட்ட வேண்டியிருக்காது. குளத்தில் தண்ணீர் இல்லாத ஆண்டில் பறவைகள் குறைவாகவே வரும். அதை விசாரித்துவிட்டுப் போங்கள். வெயில் ஏறுவதற்குள், ஏழு மணிக்கே அங்கே இருப்பது நல்லது.

கைவேலையைப் பார்ப்பதில் மகளுக்கு ஆர்வம் இருந்தால் பாய் நெய்யும் ஊரான பத்தமடைக்குப் போகலாம். கோரையைக் கிழித்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, காய வைத்துத் தரைத்தறியில் நெய்யும் பெண்கள், மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவார்கள். இழை மெல்லிய பட்டுப்பாயைக் கையில் வாங்கி, துணியைப்போல அது மடிவதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது அவர்களுடைய வீடும் பிழைப்பும் என்பதால், முதலில் அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள்; முடிந்தால் சிறிய தடுக்கு ஒன்றாவது வாங்கி வாருங்கள்.

வெளியூர் போக முடியாத ஞாயிறுகளுக்குக் கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. 1987-இல் தொடங்கப்பட்ட அந்த மையத்தில் ‘தொடாதே’ என்று சொல்ல வேண்டியதில்லை, தொட்டு இயக்கிப் பார்க்கத்தான் காட்சிப்பொருள்களை வைத்திருக்கிறார்கள். வீடு திரும்பும் முன், தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டுச் சுலோசன முதலியார் 1843-இல் கட்டி முடித்த பாலத்தின் மீது நடந்து வாருங்கள். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்க்க அரைநாள்கூட வேண்டாம். நடக்கும் தூரமும் குறைவு என்பதால் அத்தைக்கும் ஏற்ற இடம். கல்லில் ஓடும் நரம்பையும் விரல் நகத்தையும் மகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் விளக்க வேண்டாம். மாலை நேரமானால் நெல்லையப்பர் கோயில். மழையில் நெல் நனையாமல் இறைவன் வேலியிட்டுக் காத்த கதையைக் கோயிலுக்குள் உட்கார்ந்து சொன்னால், மகன் தன் ஊர்ப் பெயரை அன்றிலிருந்து பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பான். வெளியே வந்து வாழையிலைத் துண்டில் சூடான அல்வா வாங்கித் தருவதைப் பற்றித் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உவரிக் கடற்கரை, தேரிக்காடு, இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீடு ஆகியவையும் உண்டு. ஆனால் அவற்றுக்கு வண்டியும் முழுநாளும் தேவை. மகன் இன்னும் சற்று வளரட்டும்.

வரும் ஞாயிறு வீரவநல்லூரிலிருந்தே தொடங்குங்கள். போகும் ரயில், திரும்பும் ரயில் இரண்டின் நேரத்தையும் சனிக்கிழமையே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்புக்கு அரைமணி முன்னதாகப் போனால்தான் அத்தைக்கு இடப்பக்கச் சன்னலோரம் கிடைக்கும். மலை அந்தப் பக்கம்தான் வரும்.