57 வயதில் மெல்பனில் துடுப்பெடுக்கலாமா?

தம்பி, மகன் அழைத்து மெல்பனுக்கு வந்து ஐந்து மாதம், பகல் முழுக்கப் பேரனோடு வீட்டிலேயே இருக்கிறேன், ஊரில் 50 வயது வரை மென்பந்து கிரிக்கெட் விளையாடினேன், இங்கே 57 வயதுக்காரனை யாராவது சேர்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சேர்ப்பார்கள் தம்பி. எங்கள் கழகத்தில் உங்களைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதை நான் திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். ஜூலை மாதம் மெல்பனில் குளிர், அங்கே கிரிக்கெட் ஒக்டோபரில்தான் தொடங்கும். அதனால் முடிந்த வருடங்களில் இந்த நேரம் ஊருக்கு வந்துவிடுவேன். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் டச்பே கடற்கரைப் பக்கம் போனேன். பொடியன்கள் மணலில் தடி நட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் ஆறுதலாக நடந்து வந்து நடுவில் நின்றது. பந்துவீச ஓடி வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். துடுப்பைப் பிடித்திருந்தவன் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தான். ஒருவரும் விரட்டவில்லை. அது போன பிறகு, விட்ட இடத்திலிருந்து ஓட்டம் எண்ணத் தொடங்கினார்கள். நாங்களும் இப்படித்தானே விளையாடினோம்.

நான் மெல்பனுக்கு வந்தது 1998இல். வந்த வருடமே வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கழகத்தில் சேர்ந்தேன். ஆறு கிழமை எல்லைக்கோட்டில் நின்றேன். துடுப்பெடுக்கும் முறை வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். பிறகு எல்லாரும் சுற்றி இருந்து கதைப்பார்கள், எனக்கு அந்தக் கதை பிடிபடாது. கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. விட்டுவிட்டேன். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் துடுப்பைத் தொடவில்லை. அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கும்.

எங்கள் கழகம் தொடங்கியது ஒரு செத்தவீட்டில். 2010இல் ஊர்க்காரர் ஒருவர் தவறிவிட்டார். அங்கே ஆறு பேர் சந்தித்துக்கொண்டோம். திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் ஒன்றாக விளையாடியவர்கள், பள்ளிக்கூட மட்டத்தில் எதிரெதிராக ஆடியவர்கள். மெல்பனில் பதினைந்து கிலோமீற்றருக்குள் இருந்துகொண்டு, ஒருவர் செத்தால்தான் முகம் பார்க்கிறோம் என்று ஒருவர் அழுதேவிட்டார். அடுத்த சனிக்கிழமை பூங்காவில் கூடினோம். இங்கே பல பூங்காக்களில் மாநகரசபை கட்டிய பயிற்சி வலைகள் சும்மா கிடக்கும், யாரும் போய் ஆடலாம். ஒரு பந்து, இரண்டு துடுப்பு. பதினொரு பேர் சேர ஒரு வருடம் பிடித்தது. முதல் பருவத்தில் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை.

வளர்ந்தது எப்படி என்று கேட்டால், ஒரு சண்டைக்குப் பிறகுதான். திருகோணமலைக்காரர் மட்டும் போதும் என்று சிலர் நின்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் பிறந்துவிட்டு இங்கே வந்து வேலி போடுவதா? மட்டக்களப்பார் வந்தார்கள், யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், பிறகு கண்டிச் சிங்களவர் ஒருவர், ஒரு குஜராத்தி, ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தபால்காரர். மைதான அனுமதிக்கும் காப்புறுதிக்கும் மாநகரசபையில் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் அந்தத் தபால்காரர்தான். இன்று 50 வயதுக்கு மேல் ஒரு அணி, 60க்கு மேல் ஒரு அணி. ஓட முடியாதவர்களும் வருவார்கள், நடுவராக நிற்பார்கள்.

இன்னொன்று, 40 ஓட்டம் எடுத்தவர் வெளியே வந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மற்ற எல்லாரும் ஆடி முடிந்தால் திரும்பப் போகலாம். வந்தவன் ஒருவனும் துடுப்பெடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. இந்த விதிக்காக நான் எத்தனை கூட்டத்திலும் வாதாடுவேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கடினப்பந்து. கொங்கிறீட்டில் செயற்கைப் புல் விரித்த களத்தில் பந்து மார்புக்கு எழும்பும். மென்பந்தில் பழகிய நாங்கள் முன்காலைப் போட்டுக் குறுக்கே இழுப்போம், அந்தப் பழக்கம் போக ஒரு மாதமாவது வலையில் நிற்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் இறங்கவே வேண்டாம். ஆணிச் சப்பாத்து அந்தக் களத்துக்கு ஆகாது, இறப்பர் அடிச் சப்பாத்து வாங்குங்கள். காலுக்குக் கட்டும் பாட், கையுறை எல்லாம் கழகப் பையில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குடும்ப டொக்டரிடம் போய் இதயத்தையும் பிறஷரையும் பார்த்துவிடுங்கள். அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஷேன் வோர்ன் 2022 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு 52 வயது. அந்தக் கிழமையே எங்கள் அணியில் பாதிப் பேர் டொக்டரிடம் ஓடினார்கள். ஒருவருக்கு அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள், இன்று விக்கெட் காப்பாளராக நிற்கிறார். கால் போனால் யார் பார்ப்பது என்று கேட்டீர்களே, மெல்பன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் அம்புலன்ஸ் செலவை அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் ஏற்காது. மெடிகெயார் காட் இருக்கிறது என்று நினைத்து வந்து பெரிய பில் கட்டியவர்களைத் தெரியும். அம்புலன்ஸ் விக்டோரியா என்ற மாநில அம்புலன்ஸ் சேவையில் குடும்பமாக உறுப்பினராகிவிடுங்கள், இல்லாவிட்டால் தனியார் காப்புறுதியில் அது இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலகக்கிண்ணமே இருக்கிறது என்று சொல்லுங்கள். முதலாவது 2018இல் சிட்னியில் நடந்து, அவுஸ்திரேலியா பாகிஸ்தானை வென்றது. 2020இல் கேப் டவுனில் தொடங்கிய அடுத்தது கொவிட் வந்து பாதியில் நின்றது. வீட்டுக்காரியையும் கூட்டி வாருங்கள். என் மனைவி முதல் வருடம் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து காருக்குள் இருந்தவர். இப்போது எங்கள் ஓட்டப் பதிவு அவர் கையில்தான், நடுவரின் கையசைவுக்கு அவர் பதில் காட்டாமல் அடுத்த பந்து விழாது.

நான் செப்டெம்பர் கடைசியில் திரும்புகிறேன். ஒக்டோபர் முதல் சனிக்கிழமை காலை வலைக்கு வாருங்கள், வாகனம் இல்லாவிட்டால் நானே வந்து ஏற்றுவேன்.

இங்கே திருகோணமலையில், உவர்மலை வீட்டில் உங்கள் பழைய துடுப்பு இன்னும் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள், போய் எடுத்து வருகிறேன். மண் ஒட்டாமல் நன்றாகத் துடைத்துத் தரச் சொல்லுங்கள், மெல்பன் விமான நிலையத்தில் மரச்சாமான் என்று எழுதிக் காட்ட வேண்டும். கடினப்பந்துக்கு அது தாங்காதுதான், ஆனால் பின்வளவில் பேரனுக்குப் பந்து போட அதுவே போதும்.