மேடவாக்கம் மெயின் ரோட்டு வீடு: இடிக்கும் முன்

வணக்கம். இரண்டு கிரவுண்டில் (4,800 சதுர அடி) இருக்கும் பழைய வீட்டை இடித்துக் கீழே கடைகள், மேலே ஃப்ளாட்கள் கட்டலாமா, சாலையை அகலப்படுத்தினால் முன்பக்கம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புரோக்கர் சொல்வதை ஓரமாக வையுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) என்ன நில உபயோகம் என்று முதலில் பாருங்கள். அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். மெயின் ரோட்டில் இருப்பதாலேயே அது வணிக மனை ஆகிவிடாது. கலப்புக் குடியிருப்பு என்று இருந்தால் கடைக்குச் சிக்கல் குறைவு.

சாலையை அகலப்படுத்தக் குறித்திருக்கும் கோடு மனைக்குள் வந்தால், திட்ட அனுமதியின்போது அந்தத் துண்டைத் தானப் பத்திரமாக எழுதிக் கேட்பார்கள். கையில் பணம் வராது. ஈடாக வளர்ச்சி உரிமை (டிடிஆர், அதாவது அந்தத் துண்டுக்கான கட்டும் உரிமையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வது) கேட்க 2019 கட்டட விதிகளில் வழி உண்டு, விடாதீர்கள். அரசே கையகப்படுத்தினால் இழப்பீடு. அது வேறு கதை.

எஃப்எஸ்ஐ என்பது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு. 4,800 சதுர அடிக்கு எஃப்எஸ்ஐ 2 என்றால் 9,600 சதுர அடி. சாலை 18 மீட்டர் இருந்தால் கட்டணம் கட்டி அதில் பாதி வரை கூடுதலாக வாங்கலாம். ஆனால் இதெல்லாம் காகிதக் கணக்கு. கழுத்தைப் பிடிப்பது பார்க்கிங்தான். கீழே ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளம்) விட்டால் எஃப்எஸ்ஐயில் சேராது. அங்கே கடை வைத்தால் வண்டி நிறுத்தும் இடமும் போச்சு, கடைக்கென்று தனி பார்க்கிங்கும் காட்ட வேண்டும். 40 அடி முகப்பில் இரண்டும் சேர்ந்து நடப்பது கஷ்டம். பக்கத்து மனைக்காரருக்கும் கட்டும் யோசனை இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது பற்றிப் பேசிப் பாருங்கள். நடுவில் விடும் பக்க இடைவெளியாவது மிச்சம்.