கேள்வி பதில்: விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இதுதான்: விண்டோஸை அழிக்காமல், அதே லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் எப்படிப் போடுவது? வந்த கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று: உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுக்காமல் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில், கை வைக்காதீர்கள்.

கே: அண்ணே, சி டிரைவில் 180 ஜிபி காலி. லினக்ஸுக்கு இடம் எடுக்க, அதைச் சுருக்கும் ஷ்ரிங்க் கொடுத்தால் 9 ஜிபிதான் தருகிறது. ஏன்?

தம்பி, ஷ்ரிங்க் செய்கிற விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் டிரைவின் கடைசியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வரும். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் அது ஹைபர்னேஷன் கோப்பு (அணைக்கும்போது வேலை நிலையைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருப்பது), அல்லது சிஸ்டம் ரெஸ்டோர் நகல்களாக (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுபவை) இருக்கும். மூன்றையும் நிறுத்துங்கள். பழைய ரெஸ்டோர் பாயிண்ட்கள் அழிந்துபோகும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க் கொடுத்தால் பெரும்பாலும் நிறைய இடம் கிடைக்கும். அந்த இடத்தை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள், லினக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் பேஜ் ஃபைலைத் திரும்பப் போடுங்கள். ஹைபர்னேஷன் மட்டும் வேண்டாம். அதை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும், போகத்தான் வேண்டும். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம்.

கே: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. லேப்டாப் எழும்போது வரும் பயாஸ் அமைப்பில் ஏதோ மாற்றினேன், இப்போது நீலத் திரையில் ஒரு சாவி கேட்கிறது.

டீச்சர், அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். அது கேட்கும் சாவி 48 இலக்க எண், உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். கைப்பேசியில் உள்ளே போய்ப் பாருங்கள். மற்றவர்கள் அந்த எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள், லேப்டாப்பிற்குள் அல்ல.

கே: லினக்ஸுக்கு எத்தனை ஜிபி ஒதுக்கணும்?

50 இருந்தால் தாராளம்.

கே: 100 ஜிபி ஒதுக்கினால் போதுமா அண்ணே?

மேலே பாருங்கள்.

கே: லேப்டாப் பழுதுபார்க்கிறவன் நான். ஒரே டிஸ்க்கை வெட்டுவதே தப்பு. இரண்டாவது எஸ்எஸ்டி வாங்கச் சொல்லுங்கள்.

இடமும் காசும் இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் பல லேப்டாப்பில் ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னொன்று வாங்கு என்று எப்படிச் சொல்வது?

கே: அதே ஆள்தான். டேட்டா போனால் அழப்போவதும் அதே பிள்ளைகள்தானே?

அதற்குத்தான் நகல் எடுங்கள் என்று கத்துகிறேன். இரண்டு டிஸ்க் போட்டாலும் ஆபத்து தீராது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர், லினக்ஸை இரண்டாவது டிஸ்க்கில் போடச் சொன்னாலும், லினக்ஸை எழுப்பும் பூட்லோடரை முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (எழுப்பும் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) வைத்துவிடும். பின்னால் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் லினக்ஸ் எழாது. இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஒரே டிஸ்க் என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பகிரலாம், ஃபார்மட் மட்டும் செய்யக்கூடாது.

கே: பார்ட்டிஷன் மாற்றும் லினக்ஸ் கருவியான ஜிபார்ட்டெடில் சி டிரைவை வலப்பக்கம் தள்ளலாமா?

வேண்டாம். ஆரம்ப இடத்தை நகர்த்தினால் உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும், மணிக்கணக்கில் ஓடும். சாயங்கால இடிமழையில் நடுவே கரண்ட் போனால் பார்ட்டிஷனும் போச்சு. வலப்பக்க முனையை மட்டும் சுருக்குங்கள். காலையில், பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்கும்போது.

கே: நகல் எடுக்க டிஸ்க் இல்லை, இன்றைக்கே போடலாமா?

போடாதீர்கள். யாரிடமாவது இரவல் வாங்கி நகல் எடுங்கள். அதுவரை பெண்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டில் எதையும் எழுதாது.