மூணு கோட் போட்டும் கிளிட்டர் திட்டுத்திட்டாகத் தெரிந்தால்

"கிளிட்டர் நெயில் பாலிஷை மூணு கோட் அடிச்சும் நகம் தெரியுது" என்கிறீர்களா? நாலாவது வேண்டாம். பிரஷால் இழுக்காமல் ஒற்றி வையுங்கள். இழுத்தால் மினுக்கெல்லாம் ஓரத்தில் போய்க் குவியும், நடுவில் நிறமில்லாத பாலிஷ்தான் மிஞ்சும்.

ஒரு துளியை வெள்ளைத் தாளில் தடவிப் பாருங்கள். மினுக்குக்கு நடுவே தாள் தெரிந்தால் அது மேலே பூசும் ரகம். தனியாகப் போட்டால் நகத்தை மூடாது. அதே நிறத்தில் சாதா பாலிஷ் அடித்து, 10 நிமிடம் காயவிட்டு, மேலே ஒரே கோட்.

தாள் தெரியாத பொடி மினுக்கு என்றால் தனியாகவே போடலாம். மேக்கப் ஸ்பாஞ்சில் தடவி ஒற்றுங்கள். ஸ்பாஞ்ச் திரவத்தை உறிஞ்சிக்கொள்ள, மினுக்கு நகத்தில் நெருக்கமாக உட்காரும். சொரசொரப்பு போக டாப் கோட் (கடைசியில் பூசும் நிறமற்ற பாலிஷ்) இரண்டு.

கழற்றும்போதுதான் பாடு. சுரண்டினால் நகமும் படலமாக உரியும். அசிட்டோனில் (பாலிஷைக் கரைக்கும் திரவம்) நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து ஃபாயில் சுற்றி 5 நிமிடம் ஊறவிட்டு உருவுங்கள்.