கேஸ் கீசர் ‘இ1’ காட்டுகிறது... மூடியைக் கழற்றலாமா?

வீட்டுச் சாதனங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரை சிம்மக்கல் பக்கம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கேள்வி: மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டிக் கொடுத்திருக்கிறார் வீட்டுக்காரர். மார்கழி பிறந்ததிலிருந்து தகராறு. முதலில் குளிப்பவருக்கு நன்றாக எரிகிறது. அடுத்த ஆள் போனால் பாதியில் அணைந்து ‘இ1’ என்று காட்டுகிறது. குழாயை மூடித் திறந்தால் எரியும், மறுபடி அணையும். பேட்டரி புதிதாகப் போட்டாயிற்று. தெரிந்த பிளம்பர் ஒருவர், “முன்மூடியைக் கழற்றி, பர்னர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்” என்று போனில் சொன்னார். நாங்களே செய்யலாமா? குளிர்காற்று வருகிறதென்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். குளித்துவிட்டு வந்தால் அத்தைக்குத் தலை கனக்கிறது, குமட்டுகிறது. பித்தமாக இருக்கும் என்று நினைக்கிறோம்.
— ஒரு வாசகி, திருநகர்

பதில்: அம்மா, கம்பியை அப்புறம் பார்க்கலாம். இதைப் படித்த கையோடு கீசருக்குப் போகும் கேஸ் வால்வை மூடிவிடுங்கள். வென்டிலேட்டரில் இருக்கும் அட்டையை எடுத்துவிடுங்கள். கீசரை வெளியே மாற்றி மாட்டும்வரை அடுப்பில் குண்டான் வைத்துத் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ‘இ1’ அல்ல, கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அத்தையின் தலைக்கனம், அதுதான்.

எல்.பி.ஜி. எரியக் காற்று வேண்டும். அடைத்த பாத்ரூமில் முதல் ஆள் குளித்து முடிப்பதற்குள்ளேயே உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைய ஆரம்பித்துவிடும். அதன்பிறகு கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல் எல்லாம் அதன் அறிகுறிகள். பித்தம், வெறும் வயிறு என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வது இதைத்தான். அத்தையை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறது என்பதை நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கொரோனா சமயத்தில் வாங்கிவைத்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

இனி அந்த ‘இ1’ குறியீடு. பல மாடல்களில் ‘இ1’ என்றால் தீ பற்றவில்லை, அல்லது பற்றிய தீ நிற்கவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். கீசருடன் வந்த புத்தகத்தில் உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்திருந்தால் முதல் ஆளுக்கே ‘டிக் டிக்’ சத்தம் மெலிந்திருக்கும். தண்ணீர் வேகம் போதாவிட்டால் அந்தச் சத்தமே வராது. தொட்டி தலைக்கு மேலேயே இருக்கும் மாடி வீடுகளில் அது சகஜம், ஆனால் உங்கள் வீட்டில் அப்படி இல்லை. சிலிண்டர் தீரும் நிலை என்றால் காலையில் முதல் ஆளுக்கு எரிந்து இரண்டாவது ஆளுக்கு மட்டும் தினமும் அணையாது. முதல் ஆளுக்குச் சரியாக எரிந்து, அடைத்த அறையில் அடுத்த ஆளுக்கு அணைகிறது என்றால் என் சந்தேகம் காற்றின் மேல்தான்.

பிளம்பர் சொன்ன கம்பி, தீ எரிகிறதா என்று பார்க்கும் கம்பி. தீ தளர்ந்து விலகினால் அதற்குத் தெரியாமல் போகும், உடனே வால்வு கேஸை நிறுத்திவிடும். கம்பியில் கரி படிந்தாலும் இப்படி அணையும் என்பது உண்மைதான். ஆனால் காற்று இல்லாத அறையில் கம்பியை மட்டும் பளபளவென்று தேய்த்து வைத்தால், அணைய வேண்டிய தீ இன்னும் கொஞ்ச நேரம் எரியும். உள்ளே நிற்பது உங்கள் அத்தை. மூடிக்குள்ளே கேஸ் இணைப்பும் இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டுத் திரும்ப இறுக்கினால், கசிகிறதா என்று சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் கழற்ற வேண்டும். நீங்கள் கழற்றவே வேண்டாம்.

திரும்பத் திரும்பக் குழாயைத் திறந்து பற்றவைத்துப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை பற்றாமல் போகும்போதும் கொஞ்சம் கேஸ் வெளியே வந்துவிடும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாசனை வந்தால் லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எந்த சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். யாராவது உள்ளே மயங்கிவிட்டால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்துவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்களாகப் பார்க்கக்கூடியவை மூடிக்கு வெளியே இருப்பவை மட்டும்தான். கீசரின் மேல்பக்கமோ சுவரோ கறுத்திருக்கிறதா, ஆரஞ்சு டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதுவரை தீ நீலமாக எரிந்ததா, மஞ்சளாகவா என்று யோசித்துப் பாருங்கள். மஞ்சள் என்றால் அரைகுறையாக எரிகிறது, உள்ளே கரியும் படிந்திருக்கும். இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். கீசர் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மழை படாமல் மாட்டப்பட வேண்டும். சுடுதண்ணீர் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வந்தால் போதும். அது முடியாது என்றால் கரண்ட் கீசருக்கு மாறிவிடலாம். “எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தருகிறேன்” என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். கதவையும் ஜன்னலையும் சாத்திய அறையில் வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாதபோது ஃபேன் எதை இழுத்து வெளியே தள்ளும்? சில பழைய வீடுகளில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கீசருக்கு மேலே சுவர் கரிப்பிடித்துக் கிடக்கிறது.

கேள்வி: எங்கள் 15 லிட்டர் கரண்ட் கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியன், “கீசருக்கு மட்டும் அதைத் தவிர்த்து நேர் லைன் கொடுத்துவிடலாம்” என்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: கூடவே கூடாது ஐயா. வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்தது. அது விழுகிறது என்றால் கரண்ட் எங்கேயோ கசிகிறது. போர் தண்ணீரின் உப்பு, ஹீட்டிங் எலிமெண்ட் மேல் ஓடுபோலப் படியும். அதனால் அது அதிகமாகச் சூடேறி, உறையில் மெல்லிய வெடிப்பு விழும். அந்த வழியாகக் கரண்ட் தண்ணீரில் இறங்கும். நேர் லைன் கொடுத்தால் குழாயைத் தொடுகிறவர் வழியாக அது போகும். மெயினை அணைத்துவிட்டு எலிமெண்டைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த சுவிட்சுக்கு மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் ‘போடாதே’ என்று எழுதி ஒட்டிவையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.