கன்றை எடை போட்ட பெண்ணும் இரண்டாவது நீட்டும்

மேற்படிப்புக்கு வழி கேட்டு, வாழப்பாடியிலிருந்து போன வாரம் ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கூடவே தாய்மாமா. பாப்பா அரசுப் பள்ளி, பிளஸ் டூவில் நல்ல மார்க், நீட்டில்தான் சறுக்கல். முக்கால் ஏக்கரை விற்று நாமக்கல்லில் ஒரு வருஷம் கோச்சிங், அதிலும் வரவில்லையென்றால் தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்று மாமா கணக்கோடு வந்திருந்தார். காபி ஆறும் வரை நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிறகு பாப்பாவின் நோட்டைப் புரட்டினேன்.

வீட்டு ஜெர்சி கலப்பின மாட்டின் இரண்டு ஈற்று அதில் இருந்தது. சினை ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், சாக்கில் கட்டி மண்டித் தராசில் தொங்கவிட்ட கன்றின் எடை: 24 கிலோ, 21 கிலோ. கீழே பென்சிலில், "தீனி ஒன்றுதானே, ஏன் 3 கிலோ குறைவு?"

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிடாரியா காளையா, எத்தனையாவது ஈற்று, எந்தக் காளையின் விந்து என்பதெல்லாம் எடையை மாற்றும். அதற்கு மேல் ஹார்மோன். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கன்றுக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. தொப்புள்கொடி ரத்தத்தில் காணும் இன்சுலின் கன்றே சுரந்தது. அதனால் தாயின் ரத்தம் தனி, கொடியின் ரத்தம் தனி என்று எடுத்து, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி, ஈஸ்ட்ரோஜன், கார்டிசால் எல்லாவற்றையும் அளந்து கன்றின் எடையோடு வைத்துப் பார்க்கிறார்கள். கன்று மிகப் பெருத்தால் பிரசவம் சிக்கும், சிறுத்தால் பிழைப்பதே பாடு. கொடி அறுந்ததும் அதிலுள்ள தமனி என்ற ரத்தக்குழாய் கன்றின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதற்குள் நூலால் கட்டி ஊசியில் ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தொழுவத்தில் முழித்திருக்கத் தெரிந்தவளுக்குத்தான் அது கைவரும். உங்கள் பெண் ஏற்கெனவே முழித்திருக்கிறாள்.

வழி இதுதான். கால்நடை மருத்துவம், ஐந்தரை ஆண்டு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். உங்களுக்குப் பக்கத்திலேயே தலைவாசலில் அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதில் இடம் வந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பட்டத்துக்குப் பின் விலங்கு உடலியலிலோ இனப்பெருக்கத்திலோ முதுநிலை. ஹார்மோன் ஆய்வுக்கூடம் அங்கேதான்.

"மாட்டு டாக்டரா?" என்று மாமா சிரித்தார். அவர் வீட்டு மாடு ஈன முடியாமல் தவித்தபோது யாரைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

நிலத்தைத் தொடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பாப்பாவிடம் தனியாகக் கேட்டேன், டாக்டர் ஆசை மாமாவுடையது. கால்நடையில் இடம் கிடைக்காவிட்டால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் சேரட்டும், பிறகு உயிர்வேதியியல் முதுநிலைக்கு முயலலாம். அங்கிருந்தும் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம், கொஞ்சம் சுற்று. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்குத் தலைமையாசிரியர் சான்று மூன்றையும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். அடுத்த முறை மாமா வர வேண்டாம், நோட்டு வரட்டும்.