ஃபிரைபுர்க் வந்திருக்கும் காரைக்குடித் தம்பிக்கு

தம்பி, அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து முனைவர் பட்டத்துக்கு ஜெர்மனியின் ஃபிரைபுர்க் வந்திருக்கிறீர்கள். முழுநேரச் சம்பளத்தில் 65 சதவீதம் தரும் ஒப்பந்தத்தில் வாழ முடியுமா, பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலத்தில் எந்தத் தலைப்பை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நானும் காரைக்குடிதான், இங்கேயே தங்கிவிட்டேன். நேராகவே சொல்கிறேன்.

சம்பளம் ஒரு ஆளுக்குப் போதும். வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்துத்தான் கைக்கு வரும், 65 சதவீதம் என்று போட்டிருந்தாலும் ஆய்வகத்தில் முழு நாளும் இருக்க வேண்டியிருக்கும். ஃபிரைபுர்க்கில் வாடகை அதிகம். பல்கலைக்கழகத்தில் மாணவராகவும் பதிந்துகொண்டு விடுதி அறைக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

தலைப்புதான் முக்கியம், அதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு இந்த மின்கலத்தை முதலில் காட்டியபோது செயல்திறன், அதாவது வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு, 3.8 சதவீதம், இன்று ஆய்வகத்தில் 26ஐத் தாண்டிவிட்டது, வழக்கமான பேனல்களில் இருக்கும் சிலிக்கானுக்கு இந்த உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் பிடித்தன, அதனால் புதிதாக வருகிறவர்கள் பலரும் இன்னும் கொஞ்சம் சதவீதம் ஏற்றுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். மின்கலம் எத்தனை வருடம் தாங்கும் என்று பாருங்கள். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை மாட்டிப் பொத்திப் பொத்திச் செய்கிற பொருள் அது. விற்பனைக்கு வரும் பேனல் 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் தாங்க வேண்டும் என்று ஒரு சோதனை இருக்கிறது, அதில் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் உண்மையான வேலை.

நம்மூர் வெயிலை யோசியுங்கள். பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரிக்கானது. சித்திரை மத்தியானம் மொட்டைமாடியில் பேனல் 60ஐத் தாண்டிவிடும், சிலிக்கானே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கும், ஆக பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. இதை அனுபவித்து வளர்ந்த நீங்கள் குழுக் கூட்டத்தில் வாயைத் திறந்து பேச வேண்டும். இங்கே பேராசிரியரிடம் எதிர்க்கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தயங்காதீர்கள்.

அப்புறம், நம்மூரில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியை மறந்துவிடாதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம்மூருக்கு வந்த நிறுவனம் அது. ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து அரிப்பை அளந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. உங்கள் மாதிரிகளையும் அப்படி நம்மூர் வெயிலில் வைத்துப் பார்க்க முடியுமா என்று முதல் வருடத்திலேயே கேட்டு எழுதுங்கள், உங்கள் பேராசிரியரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.